சபீனாவுக்குப் போட்டு வைத்த இடம்

சரசாவைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னபோது அவள் முறத்தில் இருந்த உளுந்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "எழுதிக்கோ. ஆனா நல்லதை மட்டும் எழுதி என்னைச் சாமியாக்கிடாதே வசந்தா" என்றாள். அந்தக் கவலை எனக்கு இல்லை. இருபது வருஷத்துக்கு மேல் அவளோடு ஒரே ரயில் பெட்டியில் போய் வந்தவள் நான். யாரையும் சாமியாக்குகிற வாய் எனக்குக் கிடையாது என்று அண்ணனூர் ஸ்டேஷனில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

சரசாவின் கணவர் பாஸ்கரன் ஆவடி தொழிற்சாலையில் ஃபிட்டர். தொழிற்சாலை குவார்ட்டர்ஸில்தான் குடித்தனம். அரக்கோணத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள், பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும், பாரிமுனையில் ஒரு மொத்தக் காகிதக் கடையில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தாள். நான் அண்ணனூர்க்காரி. அதே பாரிமுனையில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் குமாஸ்தா. 2002-ல் இருந்து இருவருக்கும் ஆவடியில் புறப்படும் ஏழு நாற்பத்திரண்டு லோக்கல்தான். பெண்கள் பெட்டி, இடதுபுறம், இரண்டாவது ஜன்னல்.

எங்கள் வண்டியில் ஒரு சட்டம் உண்டு. சீட்டில் கர்சீப் விழுந்துவிட்டால் அங்கே ஆள் உட்கார்ந்த மாதிரி. எந்த நீதிமன்றத்திலும் செல்லாது, ஆனால் ஆவடி லோக்கலில் செல்லும். சரசா வண்டி புறப்படும் இடத்திலேயே ஏறுகிறவள் என்பதால் ஜன்னலோரத்தில் உட்கார்ந்துகொண்டு பக்கத்தில் ஒரு கர்சீப்பும், அதற்கும் பக்கத்தில் தன் பையும் போடுவாள். பை எனக்கு. கர்சீப் சபீனாவுக்கு. நான் அடுத்த ஸ்டேஷனிலேயே ஏறிவிடுவேன். சபீனா ஏறுவது அம்பத்தூரில். அதுவரை நிற்கிறவர்கள் கண்ணெல்லாம் அந்தக் காலி இடத்தில்தான் இருக்கும். கர்சீப் சரசாவுடையது, அதைக் காப்பாற்றும் வாய் என்னுடையது. நாங்கள் அப்படித்தான் வேலையைப் பிரித்துக்கொண்டிருந்தோம்.

சபீனா சென்ட்ரல் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் துணிப் பிரிவில் ஒப்பந்த வேலை பார்த்தாள். வெளுத்து வந்த போர்வைகளை மடிக்க வேண்டும். "ஒரு நாளைக்கு நானூறு போர்வ மடிக்கறேன்டி. ஊட்டுக்குப் போனா எம் பொடவய மடிக்கக் கை வர மாட்டேங்குது" என்பாள். ஒல்லியான உடம்பு, உடம்புக்குச் சம்பந்தமில்லாத பெரிய சிரிப்பு. அவள் ஏறியதும் பெட்டியே கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொள்ளும்.

எனக்கு அவர்கள் இருவர் மேலும் கொஞ்சம் பொறாமை உண்டு. மூன்று பேர் என்றாலும் அவர்கள் இரண்டு பேர், நான் ஒன்று. காலையில் டிபன் பாக்ஸ் கை மாறும். சரசாவின் புளிசாதம் ஆஸ்பத்திரிக்குப் போகும், சபீனாவின் தக்காளி சாதம் காகிதக் கடைக்குப் போகும். சாயங்காலம் திரும்பும்போது மடியில் பேப்பரை விரித்து முருங்கைக்கீரை ஆய்வார்கள். ஒருத்தி உருவ, ஒருத்தி காம்பு பொறுக்க, வில்லிவாக்கம் வருவதற்குள் ஒரு கட்டு முடிந்துவிடும். ஆய்ந்த கீரை யார் வீட்டுக்குப் போகிறது என்பதில் ஒரு நாளும் தகராறு வந்ததில்லை. பேச்சு மட்டும் நிற்காது.

அந்தப் பேச்சிலேதான் சபீனாவின் வீடு முழுக்க எங்களுக்குத் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் மாவு மில். அது ஓட ஆரம்பித்தால் அடுக்கில் தம்ளர் ஆடும். வாசல்படி முழங்கால் உயரம், ஏறி இறங்கியே மூட்டு போச்சு. பச்சைக் கதவு, மழைக்காலத்தில் உப்பிக்கொள்ளும், காலால் உதைத்தால்தான் திறக்கும். தெருமுனையில் கைப்பிடி இல்லாத அடிபம்பு. எதிர்வீட்டு மாடியில் வேம்புலி என்பவர் புறா வளர்க்கிறார், சாயங்காலமானால் பறக்கவிட்டு விசில் அடிக்கிறார், புறாக்கள் சபீனா காயப்போட்ட துணியில்தான் காரியம் செய்கின்றன. வேம்புலியோடு அவள் போடுகிற சண்டையை அவள் நடித்துக் காட்ட, பெட்டியே கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கும்.

அந்த வீடு எந்தத் தெருவில் என்று மட்டும் தெரியாது. ஒருத்தி வீட்டில் எந்தக் குழாய் ஒழுகுகிறது என்று தெரியும், வாசல் எந்தப் பக்கம் என்று தெரியாது. வெளியாட்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். ரயில்காரர்களுக்குப் புரியும். நாளைக் காலையில் பார்க்கப்போகிறவளிடம் யாராவது விலாசம் கேட்பார்களா? போன் நம்பரும் அப்படித்தான். சபீனா வீட்டில் இருந்த ஒரே போன் அவள் மகள் நஸ்ரின் கையில். பெட்டிக்காரர்கள் ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தபோது, காலையில் பூப்படம் அனுப்புகிற கூட்டம் என்று நான்தான் கேலி செய்து மூன்று பேரையும் சேராமல் தடுத்தேன். என் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும்.

சரசா வீடும் எங்களுக்கு அப்படித்தான் தெரியும். குவார்ட்டர்ஸில் டைப் ஒன்று, டைப் இரண்டு, டைப் மூன்று என்று வரிசை உண்டு, எண் ஏற ஏற வீடும் உத்தியோகமும் பெரிசு. அங்கே ஒரு மனுஷி யார் என்று தெரிய அவள் பேர் வேண்டாம், டைப் நம்பர் போதும். கல்யாணத்தில் பந்திக்குக் கூப்பிடுகிற குரல்கூட அதற்கேற்றபடி மாறும் என்று சரசாவே சொல்லியிருக்கிறாள். 2011-ல் பாஸ்கரனுக்குப் பதவி உயர்வு, டைப் மூன்று வீடு கிடைக்கிறது என்று ஒரு தூக்கு நிறையக் கேசரி கொண்டுவந்தாள். முந்திரி தாராளம். பெட்டி முழுக்கத் தின்றோம். சபீனா எழுந்து நின்று, "எங்க சரசு பெரிய ஊட்டுக்காரி ஆயிட்டாடி, எல்லாம் தள்ளி ஒக்காருங்க" என்று சத்தம் போட்டாள். சரசாவுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. அதற்கப்புறம் அந்த வீட்டைப் பற்றியும் அவ்வப்போது கேட்டுக்கொண்டிருந்தோம். பால்கனியில் துளசி வைத்திருக்கிறேன் என்பாள், உள்ரூமில் பையன் படிக்கிறான் என்பாள்.

2020 மார்ச் 21, சனிக்கிழமை. நஸ்ரினுக்கு ஏப்ரலில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கீரை ஆய்ந்து முடித்துப் பேப்பரை மடக்கும்போது சபீனா சொன்னாள்: "திங்கக்கெழம பத்திரிக எடுத்தாறேன். ரெண்டு பேரும் மொத நாளே வந்துடணும், சொல்லிட்டேன். சரசு, நீ வராம நிக்காஹ் நடக்காது."

"நான் புடவையே எடுத்துட்டேன்டி" என்றாள் சரசா. கத்தரிப்பூ நிறம், நான் பார்த்திருந்தேன்.

அம்பத்தூரில் அவள் இறங்கி, ஜன்னல் வழியாகக் கையை நீட்டிச் சரசாவின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள். மறுநாள் ஊரடங்கு. திங்கட்கிழமை ரயில் இல்லை.

ரயில் மறுபடி ஓட ஆரம்பித்தபோது என் ஆபீஸ் வீட்டிலிருந்தே வேலை என்றது. சரசாவின் கடை திறக்கவில்லை. 2021 ஜூலையில்தான் நாங்கள் இருவரும் திரும்ப ஏறினோம். முகக்கவசத்துக்கு மேல் கண்ணை மட்டும் வைத்து ஒருத்தியை ஒருத்தி அடையாளம் கண்டு கட்டிக்கொண்டோம். பிறகு அவள் கர்சீப்பை எடுத்து நடுவில் போட்டாள். அம்பத்தூர் வந்தது. யாரும் வரவில்லை. மறுநாளும் போட்டாள்.

ஆஸ்பத்திரிக்கும் போய்க் கேட்டோம். ஒப்பந்தக் கம்பெனி மாறிவிட்டது, பழைய ஆட்கள் யாரும் இல்லை, சபீனா என்றால் எந்த சபீனா என்றார்கள். அந்த வருஷம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள் காணாமல் போனால் மனசு எங்கே போகும்? நான் ஒருநாள் வாயை விட்டேன். "இருக்காளோ இல்லையோ" என்று தொடங்கினேன். சரசா என் தொடையில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். இன்றைக்கும் அந்த இடம் எனக்குத் தெரியும். "அவ கோவமா இருக்கா. கல்யாணத்துக்கு நான் வரலேன்னு கோவமா இருக்கா, அவ்வளவுதான்" என்றாள். சபீனா செத்திருக்கலாம் என்பதைவிட, தன்னைத் தப்பாக நினைத்துக்கொண்டு எங்கோ உயிரோடு இருக்கிறாள் என்பதைத்தான் அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவளைப் பார்த்து, வேண்டுமென்று நான் வராமல் இருக்கவில்லை என்று சொல்லிவிட வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். கத்தரிப்பூப் புடவையை அவள் மடிப்புக் கலைக்காமல் வைத்திருந்தாள்.

நாலு வருஷம் இப்படிக் கர்சீப் போட்டாள். நம்ப மாட்டீர்கள், அந்த நாலு வருஷமும் அந்தக் காலி இடத்துக்காக ஊரோடு சண்டை போட்டவள் நான்தான். என்னையும் ஒரு பெண் மடக்கினாள். தீபிகா என்று பெயர், ஆவடி பக்கம் கோவில்பதாகையில் புது ஃபிளாட், அம்பத்தூரில் ஐ.டி. வேலை.

"ஆண்ட்டி, உங்க ஃப்ரெண்ட் அம்பத்தூர்லதானே ஏறுவாங்க?"

"ஆமா."

"நான் அம்பத்தூர்லதான் இறங்குவேன். அதுவரைக்கும் நான் உட்கார்ந்துக்கறேனே?"

நான் முழங்காலை ஒதுக்கி வழி விட்டேன். என் வாழ்நாளில் அது முதல் தடவை. சரசா கர்சீப்பை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அவளை உட்கார வைத்தாள். அம்பத்தூரில் அந்தப் பெண் எழுந்ததும், மறுபடி விரித்துவிட்டு பிளாட்பாரத்தைப் பார்த்தாள். வண்டி நகர்ந்த பிறகுதான் எடுத்தாள். அன்றிலிருந்து தினமும் இதுதான்.

2026 ஜனவரியில் காகிதக் கடையை மாதவரத்துக்கு மாற்றப் போவதாக முதலாளி சொல்லிவிட்டார். மாதவரத்துக்கு பஸ்ஸில்தான் போக வேண்டும். மாசக் கடைசியோடு சரசாவுக்கு ரயில் கிடையாது. அந்த வாரம் அவள் என்னோடு சரியாகப் பேசவே இல்லை. வெள்ளிக்கிழமை தீபிகாவிடம் சொன்னாள்: "இனிமே இந்த இடத்துல நீ தாராளமா உட்காரும்மா. நாளையோட எனக்கு முடிஞ்சுது. ரயிலை விட்டா அவளைத் தேட எனக்கு வேற இடமே இல்ல."

"அவங்க வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாமே ஆண்ட்டி?"

"வீடு தெரியாதும்மா."

தீபிகா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "பதினெட்டு வருஷம்னு சொன்னீங்க?"

அவமானமாக இருந்தது. "என்னென்னமோ தெரியும், தெரு தெரியாது" என்று எரிந்து விழுந்தேன். மாவு மில், அடிபம்பு, புறா என்று என்னென்னமோவை எல்லாம் கோபத்தோடு அடுக்கினேன். சொல்லிக்கொண்டே வரும்போது சரசா என் கையைப் பிடித்தாள். "வசந்தா, புறா பறக்கறது வெளியில இருந்தே தெரியுமே" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு அம்பத்தூர் ஸ்டேஷன் மேம்பாலத்தின் மேல் இரண்டு பொம்பளைகள் அண்ணாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். போகிறவர்கள் எல்லாம் தாங்களும் ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஐந்து மணிக்கு ஒரு கூட்டம் கிளம்பியது. கழுத்து வலிக்க அதைத் துரத்திக்கொண்டு ஓடினோம். அது போய் ஒரு பல் டாக்டர் வீட்டு மாடியில் இறங்கியது. அந்த டாக்டர் விசில் அடிக்கிற ஆளாகத் தெரியவில்லை. எனக்கு மூச்சு வாங்கியது, சரசாவைத் திட்டினேன், செருப்பைத் திட்டினேன். அப்போது இரண்டு தெரு தள்ளி நீளமாக ஒரு விசில் கேட்டது.

சரசா நின்றுவிட்டாள்.  "சபீ காட்டுவாளே, அதே விசில்" என்றாள்.

தெருமுனையில் கைப்பிடி இல்லாத அடிபம்பு நின்றுகொண்டிருந்தது. நான் அதைத் தொட்டுப் பார்த்தேன். மாவு மில்லில் மிளகாய் நெடி. அதை ஒட்டினாற்போல் முழங்கால் உயரப் படி. கதவு பச்சை இல்லை, புதிதாகப் பிரவுன் பெயின்ட் அடித்திருந்தது. பூட்டு தொங்கியது.

சரசா அந்தக் கதவை லேசாகக் காலால் ஒரு தள்ளு தள்ளிப் பார்த்தாள். 

"இன்னாமா, யாரு வோணும்? அந்த ஊட்டுக்காரங்க ஊருக்குப் போயிகீறாங்க." எதிர் மாடியிலிருந்து ஒரு பெரியவர் எட்டிப் பார்த்தார். தோளில் ஒரு புறா.

"வேம்புலி அண்ணன்தானே?" என்றாள் சரசா.

"ஆமா. நீ யாரு? நான் உன்னைப் பாத்ததே இல்லியே."

"இங்க சபீனான்னு..."

அவர் கீழே இறங்கி வந்தார். "அவங்க காலி பண்ணிகினு போயி மூணு வருசத்துக்கு மேல ஆச்சேமா. வாணியம்பாடில பையன் சுலைமான் ஊட்ல கீது. மூட்டு வலி, நடக்க முடில. மத்தபடி நல்லாத்தான் கீது."

நல்லாத்தான் கீது. அந்த ஒரு வார்த்தைக்கு நாலு வருஷம். சரசா படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் வெட்கமில்லாமல் தெருவில் நின்று அழுதேன்.

வேம்புலி கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்தார். பிறகு, "நீங்க... ஆவடியா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. இவதான் ஆவடி, சரசா" என்றேன்.

அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "யம்மா தாயே, நீதானா அது! உன்னால என் வண்டி டயரே தேஞ்சு போச்சு. பொண்ணு கல்யாணத்த தள்ளிப் போட்டு அடுத்த தை மாசம் வெச்சாங்கல்ல, அதுக்கு மொத வாரம் பூரா ஸ்டேசன்ல போயி நின்னுச்சு. நீங்க யாரும் வர்ல. அப்பறம் ரெண்டு ஞாயித்துக்கெழம என் டி.வி.எஸ்.ல குந்திகினு ஆவடிக்கு வந்துச்சு. கையில பத்திரிக. டைப்பு மூணு, டைப்பு மூணுன்னு ஒரு ஊடு வுடாம தட்டினோம். எல்லா ஊடும் ஒரே மாரி கீது, ஒரே கலரு. சரசான்னு ஆளே இல்லன்றானுங்க. வெயில்ல அந்த மூட்ட வெச்சிகினு ரெண்டு நாளு நடந்துது."

"டைப் மூணுதானே சரசா? எந்தப் பக்கம்?" என்று நான் திரும்பினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. வாசல்படியின் சிமென்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேம்புலி விடவில்லை. "நான் சொன்னேன், அந்தம்மா உன்கிட்ட டூப்பு வுட்ருக்கும், வா போலாம்னு. யப்பா, என் மேல இன்னா பாஞ்சல் பாஞ்சுது! 'எங்க சரசு பொய் சொல்றவ இல்ல அண்ணாத்தே, நான்தான் சரியாக் கேட்டுக்காம வுட்டேன்'னு சொல்லிகினே அழுதுது. இன்னிக்கு வரிக்கும் அதான் சொல்லிகினு கீது."

சரசா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அந்த வீடு அவர்களுக்குக் கிடைக்கவே இல்லை. சீனியாரிட்டி பட்டியலில் வேறு ஒருவர் பெயர் மேலே வந்துவிட்டது. பதவி உயர்வும் போனது. அது தெரிந்தது கேசரி கொடுத்த மூன்றாம் நாள் என்று பின்னால் சொன்னாள். பெரிய வீட்டுக்காரி என்று பெட்டியே எழுந்து இடம் கொடுத்த பிறகு, தின்ற வாய்களிடம் போய் இல்லை என்று எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தாள். ஊரடங்கு வருவதற்குள் ஒன்பது வருஷம் நாளைக்கு என்றே போய்விட்டது. துளசி உண்மை, பால்கனி பொய். பையன் படித்தது உண்மை, உள்ரூம் பொய். பாஸ்கரன் குடும்பம் இன்றைக்கும் டைப் இரண்டில்தான் இருக்கிறது. சபீனா கதவு கதவாகத் தட்டிய வரிசையிலிருந்து நடந்தால் பத்து நிமிஷம்.

வேம்புலி சுலைமானின் நம்பரை அழைத்துச் சரசாவிடம் கொடுத்தார். சத்தமாக வைத்திருந்தார், எனக்கும் கேட்டது.

"அலோ, யாரு?" மூச்சு வாங்குகிற குரல். அதே குரல்.

"சபீ... நான்டி. ஆவடி."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் விழுந்தது. "சரசு! அல்லாவே, சரசுவா? எங்கடி போயிட்டே நீ? உசுரோட கீறியா? நான் எங்கெல்லாம் தேடினேன் தெரியுமா, ஊட்டு நம்பர ஒயுங்கா கேட்டுக்காம வுட்டுட்டேன்டி, எம் புத்திய செருப்பால அடிக்கணும்..."

"சபீ, நீ சரியாத்தான் கேட்டுக்கிட்டே."

"இன்னாடி சொல்றே?"

"நான்தான் தப்பாச் சொன்னேன். அந்த வீடு எங்களுக்கு வரவே இல்ல. கேசரி கொடுத்துட்டேன், அப்புறம் சொல்ல வாய் வரல. டைப் ரெண்டு. நூத்திப் பதினாலு, கீழ் வீடு. அப்பவும் இதான், இப்பவும் இதான். நீ தேடினியாமே, வெயில்ல... எனக்குத் தெரியாதுடி."

 மாவு மில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"சரசு" என்றாள் சபீனா கடைசியில். கோபமாகக்கூட இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "பெரிய ஊட்டுக்காரின்னா நான் உன் பக்கத்துல ஒக்காந்தேன்?"

அதோடு போன் நின்றுவிட்டது. "டவர் இல்ல போல கீது" என்று வேம்புலி பொதுவாகச் சொன்னார். டவர் இருந்தது. மூன்று பேருக்கும் தெரியும்.

ஸ்டேஷனுக்குத் திரும்பி நடக்கும்போது அவளை நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று எனக்கு நாக்கு துடித்தது. எங்களிடம் மறைக்க என்ன இருந்தது? நான் என்ன பங்களாவிலா இருக்கிறேன்? அவள் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டேன். அவளே சொன்னாள்: "பொய் சொன்னா அன்னிக்கே திருப்பி வாங்கிடணும் வசந்தா. ஒரு நாள் விட்டா ஒரு நாள் கூச்சம்தான். வருஷக்கணக்கா விட்டா அதுக்கு ரூம் கட்டி, பால்கனி கட்டி, நாமளே குடியிருக்கணும். அப்புறம் நம்மளைத் தேடி வர்றவங்க அங்கேதான் போய்க் கதவைத் தட்டுவாங்க."

எனக்கு உபதேசம் என்றாலே அலர்ஜி. ஆனால் இதை மட்டும் என் மருமகளிடமும், ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பெண்ணிடமும், பிடிக்கிறதோ இல்லையோ, சொல்லிவிட்டேன். இன்னொன்றும் செய்தேன். திங்கட்கிழமை ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போய் எங்கள் பெட்டியில் எல்லாரிடமும் கதவு எண், தெரு, அடையாளம் எழுதி வாங்கினேன். சிலர் என்னை மக்கள்தொகைக் கணக்கு எடுப்பவள் என்று நினைத்தார்கள். தீபிகா மட்டும் எதுவும் கேட்காமல் எழுதினாள், இரண்டாவது மாடி, லிஃப்ட் பக்கத்தில் என்பதுவரை. நடு சீட்டில் இப்போது யார் வேண்டுமானாலும் உட்காருகிறார்கள். ஜன்னலோரத்தில் நான். எனக்குத் துணைக்கு ஒரு சண்டையும் இல்லை. சரசா இல்லாத ரயில் இவ்வளவு நீளமா என்றிருந்தது.

சரசா சபீனாவை அழைத்துப் பார்த்தாளாம், இரண்டு தடவை. எடுக்கவில்லை. அப்புறம் அழைக்கவில்லை. "எடுக்க வேணாம். அவ வெயில்ல நடந்ததுக்கு நான் கொஞ்ச நாளாவது காத்திருக்கணும்" என்றாள். வேலைக்கு பஸ்ஸில் போய் வந்தாள். சாயங்காலம் கீரை வாங்குவதையே நிறுத்திவிட்டாள் என்று பாஸ்கரன் என்னிடம் போனில் குறைப்பட்டுக்கொண்டார்.

பதிமூன்றாம் நாள் சரசா கூப்பிட்டாள். "வசந்தா, வீட்டுக்கு வா" என்றாள். பதிமூன்று நாளும் சரி, அதற்கு முன்னால் இருபத்து மூன்று வருஷமும் சரி, அண்ணனூரிலிருந்து ஒரு ஸ்டேஷன் தூரத்தில் இருக்கிற அந்த வீட்டுக்கு நான் போனதில்லை. டைப் இரண்டு, நூற்றிப் பதினாலு, கீழ் வீடு. ஒரு கூடம், ஒரு அறை, ஓர் அடுக்களை. எல்லாம் துடைத்து வைத்தாற்போல் இருந்தது. பின்பக்கம் துளசி தரையில் இருந்தது. இதற்காகவா இவள் கூச்சப்பட்டாள்?

மேஜை மேல் ஒரு தபால் உறை. மூலையில் தடவியிருந்த மஞ்சள் பழுப்பேறிப் போயிருந்தது. நம் வழக்கம் தெரிந்து, சரசாவுக்காகவே சபீனா தடவியிருக்க வேண்டும். உறை மேல் பள்ளிக்கூடப் பிள்ளை போன்ற கையெழுத்தில் 'சரசா, டைப் 3 குவார்ட்டர்ஸ், ஆவடி' என்று பழைய மையில் எழுதியிருந்தது. அதில் '3' மட்டும் அடிக்கப்பட்டு, பக்கத்தில் புது மையில் '2' என்று பெரிதாகப் போட்டு, கீழே '114, கீழ் வீடு' என்று சேர்த்திருந்தது. ஒரு தடவை சொன்னதை அவள் அந்த வருத்தத்துக்கு நடுவே ஞாபகம் வைத்திருக்கிறாள்.

உள்ளே நஸ்ரினின் கல்யாணப் பத்திரிகை. அச்சடித்த ஏப்ரல் தேதியைப் பேனாவால் அடித்து அடுத்த ஜனவரித் தேதி எழுதியிருந்தது. அதையும் அடித்து, மூன்றாவதாக ஒரு தேதி. வருகிற ஞாயிறு. கல்யாணம் முடிந்து ஐந்து வருஷமாகிறது, இது நாங்கள் வருவதற்கென்று அவள் போட்ட நாள்.

"இப்ப என்னடி பண்றது?" என்றாள் சரசா. கேட்டுக்கொண்டிருக்கும்போதே பீரோவைத் திறந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரம்பூரில் வாணியம்பாடி வழியாகப் போகும் வண்டியைப் பிடித்தோம். சரசா கத்தரிப்பூப் புடவையில் இருந்தாள். ஆறு வருஷ மடிப்பு, எத்தனை தேய்த்தும் போகவில்லை. கையில் கேசரித் தூக்கு. நல்ல கூட்டம், எனக்கு முன்னால் ஏறி முண்டியடித்து ஜன்னலோரம் பிடித்துவிட்டாள். நான் மூச்சு வாங்க வந்து பார்த்தால், பக்கத்து இடத்தில் கர்சீப் விரித்திருக்கிறது. பழக்க தோஷம்.

"எடுடி அதை. நான் எங்க உட்கார்றது?" என்றேன்.

அவள் கர்சீப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டு நிற்கிறது. ஆனால் கை எடுக்க வரவில்லை. பக்கத்தில் நின்ற ஒருத்தி அந்த இடத்தில் உட்காரப் போனாள். "யம்மா, அங்க ஆள் வருது" என்று என் வாய் அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது. வாணியம்பாடி வரை நான் நின்றுகொண்டே போனேன்.